ஒரே ஒரு பகல்: குவானாஹுவாட்டோவா, சான் மிகேலா?

மெக்ஸிகோவின் நடுப்பகுதியில், ஒரே மாநிலத்துக்குள், பேருந்தில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இரண்டு பழைய ஊர்கள். குவானாஹுவாட்டோ 1988-இலும், சான் மிகேல் தே அயெந்தே 2008-இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. கையில் ஒரு பகல்தான் இருக்கிறது, எதற்குப் போகலாம் என்று யார் கேட்டாலும் குவானாஹுவாட்டோ என்றுதான் சொல்வேன். சான் மிகேல் ஒன்றும் குறைந்த ஊர் இல்லை. ஆனால் அது இரண்டு நாள் தங்கி நிதானமாகச் சுற்ற வேண்டிய ஊர், ஓடிப் போய் ஓடி வந்தால் அதன் முகத்தை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள்.

அந்த முகம் அழகு, அதில் இரண்டாவது கருத்தே கிடையாது. நடுச் சதுக்கத்துக்கு எதிரே, இளஞ்சிவப்புக் கல்லில் ஊசி ஊசியாக எழும்பி நிற்கிறது பர்ரோக்கியா தேவாலயம். அதன் முகப்பை 1880களில் எழுப்பியவர் செஃபெரினோ குத்தியேரெஸ் என்ற உள்ளூர்க் கொத்தனார். கட்டடக்கலையை முறையாகப் படிக்காதவர், ஐரோப்பியத் தேவாலயங்களின் படங்களைப் பார்த்தே இதை வடிவமைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். முன்னால் நின்று படம் எடுத்ததும் கிளம்பிவிடாமல் பக்கவாட்டுக்குப் போய்ப் பாருங்கள்: பின்னால் இருப்பது அதைவிட மிகப் பழைய, எளிமையான தேவாலயம், அதன் முன்புறத்தில் மட்டும் இந்தக் கோபுரக் கூட்டம் ஏறி நிற்பது தெளிவாகத் தெரியும். மாலை வெயில் படும்போது அந்தக் கல்லின் நிறம் இன்னும் கூடும்.

சரி, அதற்கப்புறம்? காட்சிக்கூடங்கள், கடைகள், மொட்டைமாடி உணவகங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க வீரர்கள் அரசு உதவித்தொகையில் இங்கே ஓவியம் படிக்க வந்தார்கள், சிலர் தங்கியும் விட்டார்கள், ஓய்வுபெற்றவர்கள் இன்றும் வந்தபடி இருக்கிறார்கள். அதனால் விலையும் ஏறிப்போயிருக்கிறது, தெருவில் ஆங்கிலமும் நிறையக் காதில் விழுகிறது. மொழி தெரியாதவர்களுக்கு இது பெரிய வசதிதான். 1902-இல் தொடங்கி 1991 வரை ஓடிய அவுரோரா துணி ஆலை இப்போது கலைக்கூடங்களின் வளாகம். ஓவியப் பிரியர்கள் அங்கேயே அரை நாளைக் கழித்துவிடலாம்.

என்னைக் கேட்டால், சான் மிகேலின் சிறந்த பகுதி ஊருக்குள்ளேயே இல்லை. வெளியே சில மைல் தள்ளியிருக்கும் அதோதோனில்கோ ஆலயம்தான் அது. சுவர், கூரை என்று ஓரிடம் விடாமல் ஓவியம். 1810 செப்டம்பர் 16 அன்று பாதிரியார் மிகேல் இதால்கோ ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போருக்குக் கிளம்பி வந்தபோது, குவாதலூப்பே மாதாவின் படத்தை இங்கிருந்துதான் கொடியாக எடுத்துக்கொண்டார். ஒரு நாள் பயணத்தில் இதையும் சேர்த்தால் ஊரைப் பார்க்க நேரம் போதாது, விட்டுவிட்டால் மனசு கேட்காது.

குவானாஹுவாட்டோவில் இந்தச் சிக்கல் இல்லை. இது பள்ளத்தாக்குக்குள் நெருக்கியடித்துக் கட்டப்பட்ட வெள்ளிச் சுரங்க ஊர், பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. நகரப் பேருந்து உங்களைச் சுரங்கப் பாதைக்குள்ளேயே இறக்கிவிடும். ஒரு காலத்தில் ஆறு ஓடிய வழி அது, இப்போது சாலை. கல் வளைவுகளுக்கு அடியில், மங்கிய விளக்கொளியில் ஒரு பேருந்து நிறுத்தம், பக்கத்தில் படிக்கட்டு. ஏறி வெளியே வந்தால் சுற்றிலும் மலைச்சரிவில் மஞ்சள், நீலம், ஆரஞ்சு வீடுகள்.

முதலில் அலோந்திகா தானியக் கிடங்குக்குப் போங்கள். 1810 செப்டம்பர் 28 அன்று, இதால்கோவின் கிளர்ச்சிப் படைக்கு அஞ்சி ஸ்பானியர்கள் உள்ளே பதுங்கிக் கதவை அடைத்துக்கொண்டபோது, பிப்பிலா என்று அழைக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளி முதுகில் கற்பலகையைச் சுமந்து, குண்டுகளுக்கு நடுவே போய்க் கதவுக்குத் தீ வைத்தான் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. மறு ஆண்டு கிளர்ச்சித் தலைவர்கள் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். இதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகிய நால்வரின் தலைகளும் இந்தக் கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் கூண்டில் தொங்கவிடப்பட்டு, 1821 வரை அப்படியே இருந்தன. மூலைகளில் அந்தக் கொக்கிகள் இன்றும் இருக்கின்றன, கீழே பெயரும் உண்டு. நால்வரில் அயெந்தேயும் அல்தாமாவும் சான் மிகேல்காரர்கள். அந்த ஊர் 1826-இல் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது இந்த அயெந்தேயைத்தான். இந்தச் சுவருக்குக் கீழே நின்ற பிறகு சான் மிகேலுக்குப் போனால், அந்த ஊரையே வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

அப்புறம் ஓவியர் தியேகோ ரிவேரா 1886-இல் பிறந்த வீடு, 1903-இல் திறந்த ஹுவாரெஸ் நாடக அரங்கம், இதால்கோ சந்தை எல்லாம் போகிற வழியிலேயே வந்துவிடும். இழுவை ரயிலில் பிப்பிலா சிலைக்கு ஏறினால் முழு ஊரும் காலடியில். முட்டி வலி உள்ளவர்கள் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் அதிலேயே வந்துவிடுங்கள், சந்துப் படிகள் செங்குத்தானவை. சான் மிகேலிலும் உருளைக்கல் பாவிய ஏற்ற இறக்கம்தான், ஆனால் இந்த அளவுக்குப் படிகள் கிடையாது. இரண்டு ஊருமே சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சீக்கிரம் மூச்சு வாங்கும்.

மம்மி அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் ஓடுகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். கல்லறைக் கட்டணம் கட்ட உறவினர்கள் இல்லாததால் தோண்டியெடுக்கப்பட்ட சாதாரண ஊர்க்காரர்களின் உடல்கள் அவை, கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்களை வைத்து வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அந்த நேரத்தில் 1788-இல் திறந்த வலென்சியானா தேவாலயத்துக்குப் போங்கள். உள்ளே பீடங்கள் முழுக்கத் தங்க முலாம், பக்கத்திலேயே அத்தனைக்கும் பணம் கொடுத்த வெள்ளிச் சுரங்கம்.

சாப்பாட்டிலும் குவானாஹுவாட்டோவுக்கே என் ஓட்டு. எஞ்சிலாதாஸ் மினேராஸ் கேளுங்கள். மிளகாய்ச் சாற்றில் முக்கியெடுத்த சோள ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி, மேலே வதக்கிய உருளைக்கிழங்கும் கேரட்டும். சைவம் சாப்பிடுபவர்கள் கோழி வேண்டாம் என்று சொல்வதோடு, பன்றிக் கொழுப்பில் சமைக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை போகாதீர்கள், அலோந்திகா, ரிவேரா வீடு இரண்டுமே மூடியிருக்கும். அக்டோபரில் செர்வாந்தினோ கலைவிழா நடக்கும், அறை கிடைப்பது கடினம். ஒரு இரவு கூட்டிக்கொள்ள முடிந்தால், சாயங்காலம் குவானாஹுவாட்டோவிலேயே இருந்து, பழைய பாணி உடையில் பாடிக்கொண்டே சந்து சந்தாகப் போகும் மாணவர் இசைக்குழுவோடு நடந்துவிட்டு, காலை முதல் பேருந்தில் சான் மிகேலுக்கு ஏறுங்கள். இறங்கியதும் டாக்ஸி பிடித்து நேரே அதோதோனில்கோவுக்கு. பர்ரோக்கியாவை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.