குனாஃபாவா, கதாயெஃபா?

ஜலாலுத்தீன் சுயூத்தி என்றதும் பலருக்கும் குர்ஆன் விரிவுரைதான் நினைவுக்கு வரும். 1505-இல் கெய்ரோவில் காலமான அந்தப் பேரறிஞர், குனாஃபா, கதாயெஃப் என்ற இரண்டு இனிப்புகளைப் பற்றிக் கவிஞர்கள் பாடியதைத் திரட்டி ஒரு குட்டி நூலும் செய்து வைத்திருக்கிறார். நோன்பு திறந்த பிறகு இந்த இரண்டில் எது என்கிற வழக்கு, அரபு வீடுகளில் ஐந்நூறு வருடத்துக்கு மேலாகத் தீராமல் கிடக்கிறது.

குனாஃபாவை இப்போது அறிமுகப்படுத்தவே வேண்டாம். துபாய் சாக்லேட்டைக் கடித்தால் உள்ளே நறநறவென்று வருகிறதே, அது குனாஃபாவுக்குப் போடும் நூல் போன்ற மாவு இழைதான். ஆனால் அதன் சொந்த ஊர்ப் பெருமை பாலஸ்தீனத்தின் நாப்லுஸுக்கு. உப்புநீரில் கிடக்கும் நாப்லுஸி பாலாடைக்கட்டியை எடுத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்க வேண்டும். அகலத் தட்டில் நெய் தடவி, மாவைப் பரப்பி, மேலே அந்தக் கட்டியை அடுக்கி, தட்டைத் திருப்பிக்கொண்டே தணலில் வாட்டுவார்கள். அடி சிவந்ததும் இன்னொரு தட்டில் அப்படியே கவிழ்த்து, சீனிப்பாகை ஊற்றி, பிஸ்தா தூவினால் ஆயிற்று. மாவு நூல் நூலாக இருந்தால் ‘ஹிஷ்னே’, பொடியாக இருந்தால் ‘நாஅமே’. அந்த ஆரஞ்சு நிறம் சாயம்தான், ஏமாற வேண்டாம்.

எகிப்தில் கதை வேறு. அங்கே பாலாடைக்கட்டி கட்டாயமில்லை. பருப்பு வகைகளோ பாலேடோ வைப்பார்கள். இப்போது மாம்பழ குனாஃபா வரைக்கும் வந்துவிட்டது. நாப்லுஸ்காரரிடம் அதை நீட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

குனாஃபாவின் பலவீனம் ஒன்றே ஒன்று: ஆறினால் போச்சு. இழுத்தால் நீண்டு வந்த கட்டி, கால்மணி நேரத்தில் ரப்பராகிவிடும். பார்சல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து தின்பதும் தின்னாமல் இருப்பதும் ஒன்று.

இனி கதாயெஃப். பத்தாம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலிலேயே இதற்கு இடம் உண்டு. மைதா, கொஞ்சம் ரவை, ஈஸ்ட் சேர்த்துக் கரைத்த மாவைச் சூடான கல்லில் சின்ன வட்டமாக ஊற்றுவார்கள். ஒரு பக்கம் மட்டும்தான் வேகவேண்டும், திருப்பவே கூடாது. மேல்பக்கம் ஆப்பத்தின் நடுப்பகுதி போலக் கண் கண்ணாகப் பொங்கி, ஈரப்பளபளப்பு அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். அந்தக் கண் உள்ள பக்கத்தில் அக்ரூட், பட்டைப்பொடி, சீனியோ உப்பில்லாத பாலாடைக்கட்டியோ வைத்து, அரைவட்டமாக மடித்து விளிம்பை அழுத்தினால், நம் சோமாசுக்குத் தம்பி மாதிரி இருக்கும். பொரித்தெடுத்து, சூட்டோடு ஆறிய பாகில் முக்குவார்கள். பாகு கம்பிப் பதத்துக்குப் போகக்கூடாது, ஒட்டினால் போதும். பன்னீரோ ஆரஞ்சுப்பூ நீரோ ஒரு சொட்டு.

முதல் தடவை நான் செய்தபோது, வட்டங்களை மூடாமல் வைத்துவிட்டுப் பூரணம் இடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஓரமெல்லாம் காய்ந்துவிட்டது. மடித்தால் விரிசல், எண்ணெயில் போட்டால் வாய்பிளந்து பூரணம் முழுக்க வெளியே. துணி போட்டு மூடியே வைக்க வேண்டும், கை வேகமும் வேண்டும். பொரிக்கவே வேண்டாம் என்பவர்களுக்கு ‘அஸாஃபீரி’, அதாவது குருவி கதாயெஃப் இருக்கிறது: சின்ன வட்டத்தைப் பாதி மட்டும் ஒட்டி, திறந்த வாயில் பாலேட்டை நிரப்பிப் பிஸ்தாப் பொடியில் தொட்டுத் தின்பது.

கடைக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. ‘கதாயிஃபி’ என்று பெயர் போட்ட பாக்கெட்டை வாங்கிவிட்டு, கதாயெஃப் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். துருக்கியிலும் கிரேக்கத்திலும் குனாஃபாவின் மாவு இழைக்குத்தான் அந்தப் பெயர்.

என் ஓட்டு கதாயெஃபுக்கு. ருசியில் குனாஃபா ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குனாஃபா வருடம் முழுக்கக் கிடைக்கும். கதாயெஃபோ ரமலான் பிறந்தால்தான் தெருவுக்கு வரும். ஜோர்டான் தலைநகர் அம்மானில் அந்த மாதம் மாலை நேரத்துக் கடைவாசல்களில் வெறும் வட்டங்களைக் கிலோக் கணக்கில் வாங்கிப்போய், வீட்டில் அவரவர் கைப்பூரணம் வைக்கிறார்கள். கடைக்குப் போய்த் தின்பது என்றால் குனாஃபா. வீட்டில் ஆளுக்கு ஒரு வேலையாக உட்கார்ந்து செய்வது என்றால் கதாயெஃப்.

பிறை தெரிந்துவிட்டால் இருவருக்கும் மவுசு போய்விடும். பெருநாள் காலைக்குச் சிரியா, லெபனான், பாலஸ்தீனம் பக்கம் மஅமூல், எகிப்தில் கஹ்க்; இரண்டும் பிஸ்கட் வகை. கஹ்குக்கு வரலாற்றுப் பெருமை அதிகம். கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் ‘உண்டு நன்றி செலுத்து’ என்று பொறித்த பழைய கஹ்க் அச்சுகள் இருக்கின்றன. மைதாவும் நெய்யும் சேர்ந்து வாயில் வைத்ததும் கரையும். மேலே கொட்டியிருக்கும் சீனிப்பொடிதான் எனக்கு ஒத்துவராது. புதுச் சட்டையில் வெள்ளை மழை.

மஅமூல் ரவை வேலை. முதல்நாள் இரவே ரவையை நெய்யில் பிசிறி ஊறவிட வேண்டும். பேரீச்சம்பழம், அக்ரூட், பிஸ்தா என்று மூன்று பூரணம். எதில் எது என்று கடிக்காமலே தெரிய, ஒவ்வொன்றுக்கும் ஒரு மர அச்சு. உருண்டையை அச்சில் அமுக்கி, அச்சின் தலையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் கோலம் போட்டது போல வந்து விழும். பேரீச்சம்பழ மஅமூலுக்குச் சீனிப்பொடி தேவையே இல்லை, டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் தாங்கும். பெருநாளன்று வருகிறவர்களுக்கு காபியோடு நீட்ட நான் இதைத்தான் எடுத்து வைப்பேன்.