பிடி2399 டிலே மாட்யூல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தனித்தனி மாட்யூல்களை வயர்களால் இணைத்து ஒலி உருவாக்கும் மாடுலர் சிந்தசைசருக்குச் சொந்தமாக ஒரு எக்கோ செய்யலாம் என்று இறங்குபவர்களில் பாதிப் பேர் பிடி2399 சிப்பில்தான் வந்து நிற்பார்கள். கரோக்கே கருவிகளில் எக்கோவுக்காகப் புழங்கிய சிப். நானும் அதை வைத்துத்தான் ஒரு யூரோராக் (மாடுலர் சிந்தசைசர்களுக்கான ஓர் அளவுத் தரம்) மாட்யூல் செய்தேன். வருடங்கள் ஓடிவிட்டன, இன்னும் ரேக்கில்தான் இருக்கிறது.

முதலில் சத்தத்தைப் பற்றி. சிப்பின் ஆறாவது காலில் மாட்டும் ரெசிஸ்டர்தான் டிலே நேரத்தை, அதாவது எக்கோ எவ்வளவு தாமதமாக வரும் என்பதை, தீர்மானிக்கிறது. டேட்டாஷீட்படி 0.5 கிலோஓமுக்குச் சுமார் 31 மில்லிசெகண்ட், 27.6 கிலோஓமுக்குச் சுமார் 342. அதற்கு மேலும் இழுக்கலாம். ஆனால் சிப்புக்குள் இருக்கும் மெமரி அதே அளவுதான். அதனால் உள் கடிகாரம் மெதுவாக ஓட ஓட ஒலி மங்கி, சரசரப்பு கூடும். புதிதில் அந்த அழுக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது டைம் பாட் (டிலே நேரத்தை மாற்றும் திருகு குமிழ்) பெரும்பாலும் 100 முதல் 250 மில்லிசெகண்டுக்குள்தான் நிற்கிறது. ஃபீட்பேக்கை (எக்கோவைத் திரும்ப உள்ளே அனுப்பும் அளவை) ஏற்றி வைத்துக்கொண்டு அந்தக் குமிழைத் திருப்பினால் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குமே, அதற்காகவே இதைக் கழற்ற மனம் வரவில்லை. ஃபீட்பேக் பாதையில் எதிரெதிராக இரண்டு டயோடு போட்டிருப்பதால், தானாக ஊளையிட ஆரம்பித்தாலும் காதைக் கிழிக்காது.

உண்மையான வேலை சிப்பைச் சுற்றித்தான். ரேக்கில் கிடைப்பது ±12 வோல்ட். சிப் கேட்பது 5. ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் மாட்யூலிலிருந்து வரும் சிக்னலோ உச்சிக்கு உச்சி 10 வோல்ட் வரை இருக்கும். அதனால் உள்ளே போகும்போது நன்றாகக் குறைத்து, வெளியே வரும்போது டிஎல்072 ஓப்-ஆம்பில் (சிக்னலைப் பெருக்கும் சிப்) ஏற்றிக்கொள்ள வேண்டும். ரொம்பக் குறைத்தால் இரைச்சல் மேலே வந்துவிடும். 5 வோல்ட்டுக்கு 78எல்05 ரெகுலேட்டர் போதும், ஆனால் அதற்கு முன்னால் 10 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைப்பது நல்லது. இல்லையென்றால் சிப்பின் கடிகாரச் சத்தம் பவர் லைன் வழியே பக்கத்து மாட்யூலில் கீச்சிடும். மூன்றாவது, நான்காவது கால்கள் இரண்டுமே கிரவுண்டு. ஒன்று அனலாக், இன்னொன்று டிஜிட்டல். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்ததில்தான் என் மாட்யூல் அமைதியானது என்று நினைக்கிறேன்.

ஒரு தொல்லை உண்டு. டைம் பாட் குறைந்தபட்சத்தில் இருக்கும்போது பவர் போட்டால் சில சமயம் சிப் முடங்கி, எக்கோவே வராது. அந்த டைம் குமிழோடு தொடராக 2 கிலோஓம் அளவில் நிலையான ரெசிஸ்டர் ஒன்று போட்டால் தீரும், பதிலுக்கு மிகக் குறுகிய டிலே கைவிட்டுப் போகும். கோரஸ் மாதிரி, பல குரல் சேர்ந்தது போன்ற சத்தம் வேண்டுபவர்களுக்கு அது இழப்புதான், எனக்கு இல்லை.

தேய்மானம் என்று பார்த்தால் பாட்களில் லேசான கரகரப்பு, ஒரு ஜாக்கின் நட்டு அடிக்கடி தளர்கிறது, அவ்வளவுதான். பவர் கேபிளைத் திருப்பி மாட்டினால் காப்பாற்ற இரண்டு 1என்5817 டயோடு கட்டாயம் போடுங்கள். சுத்தமான, நீளமான டிலே தேடுபவர்கள் இந்தச் சிப் பக்கம் வர வேண்டாம்.