கடலைக் காக்க எந்தப் படிப்பு: விலங்கியலா, மீன்வளமா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் கேட்கிறார்கள்: "ஆமை, ஆவுளியா (கடல்பசு), பவளப்பாறை இதையெல்லாம் காப்பாத்துற வேலைக்குப் போகணும் சார், என்ன படிக்கலாம்?" தமிழ்நாட்டில் இதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. பி.எஸ்சி. விலங்கியல் முடித்து எம்.எஸ்சி. கடல் உயிரியல் சேர்வது ஒன்று. நான்கு வருட மீன்வளப் பட்டமான பி.எஃப்.எஸ்சி. மற்றொன்று. கேட்க வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் வழியை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். "மீன்வளம்னா இறால் பண்ணைதானே" என்று இரண்டாவதை ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

விலங்கியல் வழியின் பெரிய பலம், யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பது. தருமபுரியில் இருந்தாலும் பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த செலவில் மூன்று வருடம் படித்துவிடலாம். ஆனால் அந்த மூன்று வருடமும் கடல் பாடப்புத்தகத்தில்தான் இருக்கும். பரங்கிப்பேட்டைக்குப் போனால்தான் கதை மாறும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் கழிமுகத்திலேயே இருக்கிறது. தெற்கே கொஞ்ச தூரத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. மிதவை உயிரிகளைப் பிடிக்கும் மெல்லிய வலையைத் தோணியின் பின்னால் சிறிது நேரம் இழுத்து, அடியில் சேர்ந்த கலங்கல் நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நண்டின் இளவுயிரி, இறாலின் இளவுயிரி, கண்ணாடிபோல ஒளிரும் இன்னும் எத்தனையோ உயிர்கள். அந்த ஒரு சொட்டில் மனதைப் பறிகொடுப்பவர்களுக்கு இதுதான் வழி.

அதற்குப் பிறகு பாதை நீளம். முனைவர் பட்டம் இல்லாமல் ஆராய்ச்சியில் நிலைக்க முடியாது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர்கள் திட்டப் பணிகளில் சேர வேண்டும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். முப்பது வயதைத் தொடும்போதும் நிரந்தர வேலை இல்லாத திறமையான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் இதை இப்போதே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

இனி மீன்வளம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இலிருந்து இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-இல் வந்தது. பொன்னேரி, தலைஞாயிறு கல்லூரிகளும் அதன்கீழ் உண்டு. பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். மீன் வளர்ப்பும் பதப்படுத்தலும் பாடத்தில் பெரும்பங்கு என்பதும் உண்மைதான். ஆமைக்காகச் சேர்ந்தவர் வனாமி இறாலுக்குத் தீவனக் கணக்குப் போடும் பருவங்கள் வரும், அதற்குத் தயாராக வேண்டும்.

ஆனால் இந்தப் படிப்பில் மட்டும் முழுதாகக் கிடைக்கும் ஒன்று உண்டு: வலை. 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடுகிற பிராணி. விசைப்படகு இழுத்துப்போகும் பை போன்ற வலையான இழுவை மடிக்குள் மாட்டி மேலே வர முடியாவிட்டால் திணறிச் சாகும். அதற்குத் தீர்வாக மடிக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்துவார்கள். இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பின்னால் போகும், ஆமை சட்டத்தில் மோதித் திறப்பு வழியாக வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே ஒன்றை வடிவமைத்திருக்கிறது. "அதோட என் மீனும் போயிடுதே தம்பி" என்பது படகுக்காரரின் பதில். அந்தப் பதிலுக்கு எதிரே நின்று, கண்ணி அளவையும் சட்டத்தின் சாய்வையும் டீசல் செலவையும் அவர் மொழியிலேயே பேசத் தெரிந்த ஆள்தான் ஆமையைக் காப்பாற்றுவார். ஆவுளியாவுக்கும் இதே கதைதான். பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தார்கள். அங்கும் ஆவுளியா மேயும் கடற்புல்லுக்கு மேலே தினமும் வலை இறங்கத்தான் செய்கிறது.

வேலை விஷயத்திலும் மீன்வளம் ஒரு படி மேல். நான்காம் வருட முடிவிலேயே மீன்துறை ஆய்வாளர் போன்ற அரசுப் பணிகளுக்கு முயலலாம், மேலே படிக்க மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது.

கணக்கும் இயந்திரமும் பிடித்தவர்களுக்குப் பொறியியல் வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை, பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் என்று அது வேறு உலகம். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் மத்ஸ்யா-6000 நீர்மூழ்கி இந்தக் கழகத்தில்தான் உருவாகிறது. உயிர்களைக் காப்பது அதன் முதல் நோக்கம் அல்ல என்பதால் இதோடு விடுகிறேன்.

உயிரினத்தின் உடலும் வாழ்வும்தான் ஈர்க்கிறது, பத்து வருடம் பொறுக்க வீட்டில் வசதி இருக்கிறது என்றால் பரங்கிப்பேட்டை. பாதுகாப்புதான் குறி என்றால் என் வாக்கு மீன்வளத்துக்கே. இடம் கிடைக்காவிட்டால் விலங்கியலில் சேர்ந்து, வலையைக் கரையில் கற்றுக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால், 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகுகள் திரும்பும்போது ராமேசுவரம் ஜெட்டிக்குப் போங்கள். ஏலத்துக்குப் போகாத சங்காயத்தை, அதாவது வலையில் சேர்ந்து வந்த கழிவு மீன்களை, கூடையில் அள்ளிக்கொண்டிருப்பார்கள். குனிந்து பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத காரல் மீன், நண்டுக் குஞ்சு, சில நேரம் ஒரு கடற்குதிரை. முதலில் உங்கள் வாயில் வருவது "இது என்ன?" என்பதா, "இது ஏன் மாட்டிச்சு?" என்பதா என்று கவனியுங்கள்.