பெட்ரோலில் 5 ஆண்டு, டீசலில் 6 ஆண்டு: டிரெய்லர் இழுக்க எந்த பிக்கப்?

சிறிய மண்வாரி இயந்திரம் ஒன்று, அதைச் சுமக்கும் இரட்டை அச்சு டிரெய்லர். இரண்டும் சேர்ந்து 3,500 கிலோ. அதைப் பின்னால் மாட்டிக்கொண்டு 11 ஆண்டுகளாக அலைகிறேன். முதல் 5 ஆண்டுகள் இழுத்தது பெட்ரோல் வி8 பிக்கப், அடுத்த 6 ஆண்டுகள் டீசல். எது நல்லது என்று கேட்கிறவர்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு வித்தியாசம் உறைத்தது இறக்கத்தில்.

ஏற்றத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினுக்கு முழு இழுவிசை வர நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளாவது வேண்டும். மலைப்பாதையில் கியர் இரண்டு படி இறங்கும், முள் 4,500-ஐத் தொடும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. எஞ்சினுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதை என் காது நம்பத்தான் ஓராண்டு பிடித்தது. டீசல் அதே மேட்டை 1,800 சுற்றில் முணுமுணுத்தபடி ஏறிவிடும். உயரம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும். 2,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த அளவுக்கு வலுவை இழக்கிறது. டர்போ இருந்தால், பெட்ரோலோ டீசலோ, இந்தக் கவலை பெரிதாக இல்லை.

இனி இறக்கம். டீசல் என்றாலே எஞ்சின் தானாக வேகத்தைப் பிடித்து நிறுத்தும் என்று நானும் நினைத்திருந்தேன். நேர்மாறு. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று நுழையும் வழி மூடிக்கொள்ளும், உள்ளே உண்டாகும் வெற்றிடம் எஞ்சினைப் பின்னுக்கு இழுக்கும். டீசலில் காற்றை அப்படி அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. காலை எடுத்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் எக்ஸாஸ்ட் பிரேக். பல வண்டிகளில் டர்போவின் இதழ்களே நெருங்கிப் புகை போகும் வழியைக் குறுக்கும். தன் புகையைத் தானே வெளியே தள்ள முடியாமல் எஞ்சின் திணற, வேகம் அடங்கும்.

பெட்ரோல் வண்டி வாங்கிய முதல் ஆண்டில், 9 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் இறக்கத்தில் உயர்ந்த கியரிலேயே பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கினேன். அடிவாரத்தில் நிறுத்தியபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, முன் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை. தவறு என்னுடையது, இரண்டாம் கியரில் இறங்கியிருக்க வேண்டும். அதே இறக்கத்தில் டீசலில் பொத்தானை அழுத்திவிட்டு வந்தபோது பெடலைத் தொட்டது இரண்டே முறை. எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத டீசலைத் தள்ளுபடியில் தந்தாலும் இழுவைக்கு எடுக்காதீர்கள்.

விற்பனையாளர் வாயிலிருந்து வராத ஒன்று, டீசல் எஞ்சினின் கனம். என் அளவு பிக்கப்பில் பெட்ரோலைவிட ஏறக்குறைய 300 கிலோ கூடுதல். வண்டியின் மொத்த எடை வரம்பு ஒன்றாகவே இருந்தால் அவ்வளவும் சுமக்கும் திறனிலிருந்துதான் கழியும். டிரெய்லர் வால் ஆடாமல் வர, அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். என் கணக்கில் 350 முதல் 525 கிலோ. அதற்கு மேல் நான், இரண்டு ஆட்கள், கருவிப் பெட்டி. ஒருநாள் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் பின் அச்சு வரம்பைத் தாண்டி நிற்கிறது! இயந்திரத்தை ஒரு சாண் பின்னுக்கு நகர்த்தி, கருவிப் பெட்டியையும் டிரெய்லருக்கு மாற்றிய பிறகே சரியானது.

எரிபொருள் கணக்கு: சுமையோடு பெட்ரோல் லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர், டீசல் 5. சுமை இல்லாமல் 6.4, 7.7. டீசலுக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்ற 12 லிட்டர், பெட்ரோலுக்கு 7. டீசல் புகையின் நச்சு வாயுவைக் குறைக்கும் யூரியா கரைசலும் அவ்வப்போது ஊற்ற வேண்டும். அது மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் கடுங்குளிரில் கேனை வெளியே வைக்கக் கூடாது.

டீசல் என்னைப் படுத்தியது நான்காம் ஆண்டில்தான். மண்வாரி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட, பிக்கப் தினமும் 6 கிலோமீட்டர் போய்வந்தது. டீசலின் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டிக்கு, அந்தக் கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். எஞ்சின் சூடாவதற்குள் நான் வீடு வந்திருப்பேன். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் மின்விசிறி இரைந்துகொண்டிருக்கும், அடியிலிருந்து அனல் வாடை வரும். எரிப்பு பாதியில் நின்றதன் அடையாளம் அது என்று அப்போது தெரியவில்லை. பிறகு எச்சரிக்கை விளக்கு, அதன் பிறகு ஆமை வேகம். பட்டறையில் வடிகட்டியைச் சூடேற்றிக் கரியை எரித்துவிட்டு, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டச் சொன்னார்கள். நாயை நடைக்குக் கூட்டிப்போவது போல, ஞாயிற்றுக்கிழமைகளில் போக வேலையே இல்லாத சாலையில் வண்டியை ஓட்டிவந்தேன்.

இப்போது டிரெய்லர் மாட்டுவது மாதத்துக்கு மூன்று முறை. அதனால் அடுத்த வண்டி டர்போ பெட்ரோல் என்று முடிவு செய்துவிட்டேன். என் கூட்டாளி வாரம் நான்கு நாள் மலையில் இழுக்கிறார். அவருக்கு டீசலைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன்.

டீசலை விற்கக் கொடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை அந்த 9 கிலோமீட்டரை இழுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே நிறுத்தி முன் சக்கரத்தருகே கையை நீட்டிப் பார்த்தேன். வெதுவெதுப்புதான் இருந்தது. இனி இரண்டாம் கியரில் இறங்கப் பழகிக்கொள்ள வேண்டும்.