ஒரு உறையா, இரண்டு உறையா?

அம்பத்தூரில் சின்னப் பட்டறை வைத்துக்கொண்டு அரசு அலுவலகங்களுக்கு இரும்பு அலமாரி, மேசை கொடுக்கிறோம். புதிதாக அரசு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) போட வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

ஒற்றை உறையில் தகுதிச் சான்றும் விலையும் ஒன்றாகப் போகும். திறந்ததும் எல்லோருடைய விலையும் தெரிந்துவிடும், வேலை சீக்கிரம் முடியும். வழக்கமான சரக்குக்கு இது போதும்.

இரட்டை உறை வேறு மாதிரி. முதலில் தொழில்நுட்ப உறையை மட்டும் திறப்பார்கள்: ஜிஎஸ்டி பதிவு, முன் அனுபவம், விற்றுமுதல், முன்வைப்புத் தொகை (டெண்டரில் கலந்துகொள்ளக் கட்டும் பிணைப் பணம்) கட்டிய ரசீது. இதில் தேறியவர்களின் விலை உறைதான் அப்புறம் திறக்கப்படும். விலை தெரியாமலே தகுதியைப் பார்ப்பதால் தரமில்லாதவர் அடிமாட்டு விலை காட்டி உள்ளே நுழைவது கடினம். மருத்துவக் கருவி, பெரிய கட்டுமானம் என்றால் இதுவே நியாயம் என்பேன்.

ஆனால் கவனம் அதிகம் வேண்டும். ஒருமுறை அலமாரி விலைப்பட்டியலைத் தொழில்நுட்பக் கோப்போடு சேர்த்து ஏற்றிவிட்டேன். அன்றே நிராகரித்துவிட்டார்கள். மூன்று வார உழைப்பு போனது. இப்போதெல்லாம் இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர். பதிவேற்றும் முன் தம்பி ஒருமுறை பார்ப்பான்.

எந்த உறையானாலும் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம்தான் அடிப்படை. டெண்டர் யாருக்கு என்று எடுத்த முடிவில் குறை இருந்தால், ஆணை கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.