லெயோவில் பார்ட்டன் 2005: பன்னிரண்டு பாட்டிலும் நொறுங்கும் தக்கையும்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒயினைக் குளிர்ச்சியாக வைக்கும் அலமாரியை மூன்றாவது தடவையாகப் பழுது பார்க்க வேண்டி வந்தது. அதே வாரம் லியோனில் இருக்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, மகன் பிறந்த வருட ஒயின் ஒரு பெட்டி வாங்கிப் படுக்க வைக்கலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் லெயோவில் பார்ட்டன் வைத்திருக்கிறீர்களே, எப்படி இருக்கிறது?" அலமாரி ஆள் எதிரில் நின்றுகொண்டிருந்ததால் போனில் சரியாகப் பேச முடியவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இது பிரான்சின் போர்தோ பகுதியில், மெடோக் வட்டாரத்துச் சிவப்பு ஒயின். சான் ஜூலியன் ஊர், 1855இல் போர்தோ தோட்டங்களைத் தரம் பிரித்த வரிசையில் இரண்டாம் தரம், முக்கால் பங்குக்குக் கபர்னே சோவினியோன் திராட்சை. என் மகள் பிறந்தது 2005இல். 2006 வசந்தத்தில், ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே பணம் கட்டினேன். 2008இல் பன்னிரண்டு பாட்டில் மரப்பெட்டியில் வந்தது. இன்றுவரை எட்டு திறந்திருக்கிறேன், நான்கு மீதி.

முதல் பாட்டிலை 2011இல் திறந்தது அவசரம்தான். கடுக்காயை வாயில் அடக்கிக்கொண்ட மாதிரி துவர்ப்பு. ஈறு இறுகி, நாக்கு உலர்ந்து, பழத்தின் ருசி எங்கேயோ ஆழத்தில் கிடந்தது. 2005 கோடையில் போர்தோவில் மழை குறைவு. பழங்கள் சிறியவை, தோல் தடித்தவை. மெடோக்கின் கூழாங்கல் நிலம் பகல் வெயிலை வாங்கி வைத்துக் கபர்னேயை நன்றாகப் பழுக்கவைக்கும். தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்பெல்லாம் மரத்தொட்டியில் சாறோடு ஊறும்போது ஒயினில் இறங்கும். அப்புறம் 225 லிட்டர் பீப்பாயில் ஒன்றரை வருடம் வரை. அந்தப் பீப்பாய்களில் பாதிக்கு மேல் புதிய ஓக் மரம், அதுவும் தன் பங்குக்குத் துவர்ப்பு தரும். முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் பீப்பாயில் ஊற்றித் தெளியவைப்பது மெடோக்கின் பழைய வழக்கம். கருவின் புரதம் முரட்டுத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். அத்தனை செய்தும் மிச்சமிருக்கும் துவர்ப்பைக் கரைக்க வருடங்கள்தான் வேண்டும். இருபது வருடம் என்று எல்லோரும் சொன்னார்கள், நான்தான் ஆறு வருடத்தில் திறந்தேன். 2015இல் திறந்ததும் ஏறக்குறைய அப்படியேதான்.

2018இல் இரண்டு பாட்டில் திறந்தோம். இரண்டாவதில் பாதியை அப்படியே தக்கை வைத்து மூடிச் சமையலறையிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் மாலை ஒரு கிளாஸ் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனபோது, அந்த ஒயினை முதல் தடவையாகச் சந்திப்பது போல இருந்தது. நாவல்பழம், ஈர மண், புதிதாகச் சீவிய பென்சில். துவர்ப்பு இருந்தது, ஆனால் நாவல்பழத்தில் இருப்பது போல ருசியின் ஒரு பகுதியாக இருந்தது. ஒரே இரவில் இப்படி மாறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தப் பன்னிரண்டு பாட்டிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அந்த மறுநாள் கிளாஸ்தான்.

சரி, இனி தக்கை. 2018 வரை தக்கையில் ஒரு குறையும் இல்லை. 2019 ஜூலை 25ஆம் தேதி பாரிஸில் வெயில் 42.6 டிகிரி. நாங்கள் ஊரில் இல்லாத அந்த வாரத்தில் அலமாரியின் கம்ப்ரசர் நின்றுபோனது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே அடுப்பங்கரைச் சூடு. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். இரண்டு பாட்டிலில் தக்கையோரம் கசிந்து, மேல் தகட்டின் கீழே சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க ஐந்து வாரம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு குளிர்ச்சி சரியாக இருந்தது, ஆனால் உள்ளே காற்று உலர்ந்துபோயிற்று. தக்கைக்கு எழுபது சதவீத ஈரப்பதம் வேண்டும், நான் வாங்கி வைத்த அளவுமானி நாற்பதைத் தாண்டவே இல்லை. பாட்டில் படுத்திருப்பதால் தக்கையின் உள்முனை ஒயினில் நனைந்துகொண்டே இருக்கும், வெளிமுனை காயும். அந்தக் காய்ந்த பாதிதான் நொறுங்குகிறது.

2020இல் திறந்த பாட்டிலின் தக்கை உடைந்தது. 2023இல் மகளின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு எடுத்தோம். விருந்தினர் சுற்றி நிற்க, திருகு இறங்கியது, இழுத்தேன், கையில் வந்தது பாதித் தக்கை. மீதியை மெல்லக் குடைந்து பார்த்தேன், உதிர்ந்து உள்ளே விழுந்தது. காபி வடிகட்டும் தாளில் ஊற்றி வடித்தேன். தாளின் நடுவில் பழுப்புத் தூளும் கருஞ்சிவப்பு மண்டியும் ஒட்டிக்கிடந்தன. பதினெட்டு வருடம் காத்திருந்த ஒயினை அப்படி வடிக்கும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மகள் மட்டும் கிளாஸை முகர்ந்து, "அப்பா, என் சின்ன வயசுப் பென்சில் டப்பா வாசனை" என்றாள். இரண்டாவது பாட்டிலின் தக்கையும் உடைந்தது. போன மாதம் எட்டாவதிலும் அப்படியே.

இதில் தோட்டத்துக்காரர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. மாறாக, அவர்களை நினைக்கும்போதுதான் இந்த அலமாரி மேல் எரிச்சல் கூடுகிறது. அயர்லாந்திலிருந்து தாமஸ் பார்ட்டன் போர்தோவுக்கு வந்தது 1722இல். பேரன் ஹியூ பார்ட்டன் 1821இல் சான் ஜூலியனில் லாங்கோவா தோட்டத்தையும், 1826இல் பெரிய லெயோவில் தோட்டத்தில் ஒரு பங்கையும் வாங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அதே குடும்பம். 1855இல் தரகர்கள் விலையை வைத்துத் தரம் பிரித்தபோதும், ரொனால்ட் பார்ட்டன் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த உலகப்போர்க் காலத்திலும் சொத்து கை மாறவில்லை. லெயோவில் பார்ட்டனுக்கென்று தனி மாளிகை கிடையாது. லேபிளில் இருப்பது 1758இல் கட்டிய லாங்கோவா வீடு, ஒயினும் அங்கேதான் உருவாகிறது. 1983இல் பொறுப்பேற்ற அந்தோனி பார்ட்டன், பக்கத்துத் தோட்டங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போன காலத்திலும் நிதானமாக விலை வைத்தவர். மாதச் சம்பளக்காரனான நான் இரண்டாம் தரத்தில் ஒரு முழுப் பெட்டி வாங்க முடிந்தது அந்த நிதானத்தால்தான். 2022 ஜனவரியில் அவர் காலமான செய்தியைப் படித்தபோது நெருங்கியவர் ஒருவர் போனது போல இருந்தது. இப்போது மகள் லிலியன் நடத்துகிறார். இருநூறு வருடம் ஒரு தோட்டத்தைக் கட்டிக் காப்பாற்றியவர்கள் தந்த பாட்டிலை இந்த அலமாரி ஒழுங்காக வைத்திருக்கவில்லை.

எட்டாவது பாட்டிலின் ருசியைச் சொல்கிறேன். தூளை வடித்த பிறகு இரண்டு மணி நேரம் கண்ணாடிக் குடுவையில் வைத்தேன். விளிம்பில் செங்கல் நிறம் எட்டிப்பார்க்க ஆரம்பித்திருக்கிறது. தேவதாரு மரம், புகையிலை, இன்னும் அந்த நாவல்பழம். துவர்ப்பு நாக்கில் பட்டுத்துணி போல விரிந்தது. மறுநாள் அதைவிட நன்றாக இருந்தது. என் வாழ்நாளில் குடித்த ஒயின்களில் முதல் மூன்றுக்குள் இதை வைப்பேன்.

இருந்தாலும் தம்பி, வாங்காதே. உன் வீட்டில் நிலவறை இல்லை, மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். இதை வைப்பதற்காக நீயும் அலமாரிதான் வாங்குவாய், ஒவ்வொரு ஜூலையிலும் கம்ப்ரசர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாய். மகனுக்குப் பதினெட்டு ஆகும்போது, நல்ல நிலவறையில் யாராவது வைத்திருந்த பாட்டில் ஒன்றிரண்டை விலை கூடக் கொடுத்து வாங்கிக்கொள். கோபத்தில் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை, இன்று என் பதில் இதுதான்.

ஏற்கெனவே பழைய பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. திருகை மறந்துவிடுங்கள். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் இருபுறமும் கண்ணாடியை ஒட்டி இறக்கி, முறுக்கிக்கொண்டே மேலே இழுக்கும் கருவி இருக்கிறது, அதை வாங்குங்கள். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கிவிடும். என் மீதி நான்கையும் போன ஞாயிறு அலமாரியிலிருந்து எடுத்து, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள அறையில் வடக்குச் சுவர் ஓரமாக, வந்த மரப்பெட்டியிலேயே படுக்க வைத்துவிட்டேன். அங்கே அளவுமானி எழுபத்திரண்டு காட்டுகிறது.