‘பிளேஸ்டேஷன் 2 ஓடும்’ என்ற பெட்டியை வாங்கி ஏமாந்த கதை

பழைய வீடியோ கேம்களை டிவியில் ஆடுவதற்கென்று உள்ளங்கையளவு பெட்டி ஒன்று வாங்கினேன். 4 ஜிபி ராம், 256 ஜிபி மெமரி கார்டு, 30,000 விளையாட்டுகள், பிளேஸ்டேஷன் 2 வரை எல்லாம் ஓடும் என்று விளம்பரம். ஒரு வாரத்துக்குள் நான்கும் பொய் என்று தெரிந்துவிட்டது. இதே மாதிரிப் பெட்டியைப் பார்த்துச் சபலப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிடுங்கள்.

முதல் மாலை நன்றாகவே போனது. ஏமாற்றின் சூட்சுமமே அதுதான். சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் எல்லாம் இன்றைய சாதாரணச் செயலியிலேயே (பிராசஸரிலேயே) ஓடிவிடும். வாங்கியவர் அவற்றில் நாலைந்தை ஆடிப் பார்த்துவிட்டு, அதே மகிழ்ச்சியில் விற்றவருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார். நானும் போட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் நின்டெண்டோ 64. படம் ஓடியது, ஒலி மட்டும் ஈர விறகு எரிவது போலப் படபடத்தது. சேகா சாட்டர்ன் தவழ்ந்தது. அதில் பெட்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1994-ல் வந்த அந்தக் கருவிக்குள் இரண்டு ஹிட்டாச்சி எஸ்எச்-2 செயலிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. அவற்றின் நேரக் கணக்கைப் பிசகாமல் பின்பற்றுவது, பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டருக்குப் பெரிய சுமை. பிளேஸ்டேஷன் 2-ன் படக்குறியோ மெனுவில் அழகாக மின்னியது. அழுத்தினால் கறுப்புத் திரை, பிறகு மறுபடியும் மெனு. உள்ளே போன ஒரே விளையாட்டு கார் பந்தயம். படம் விட்டுவிட்டு நகர்ந்ததில், திருப்பம் கண்ணில் பட்டபோது கார் ஏற்கெனவே சுவரில் மோதியிருந்தது.

விற்றவருக்கு எழுதினேன். “உங்கள் டிவியில்தான் கோளாறு சார், கேம் மோடு போடுங்கள்” என்று பதில் வந்தது. போட்டேன். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையே இருந்த தாமதம் உண்மையிலேயே குறைந்தது. அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி. ஆனால் எமுலேட்டர் வேகத்துக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்? அடுத்து எச்டிஎம்ஐ கேபிளை மாற்றச் சொன்னார். அதன் பிறகு விலையில் ஒரு சிறு பகுதியைத் தருகிறேன், நட்சத்திரத்தைக் குறைக்க வேண்டாம் என்றார். மறுத்தேன். அன்றோடு பதில் நின்றுவிட்டது.

பிறகு நானே தோண்டினேன். பெட்டி லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுவதால், அதன் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்தால் செயலி தன் அடையாளத்தைச் சொல்லிவிடும். ‘சிபியு பார்ட்’ என்ற வரியின் கடைசியைப் பாருங்கள். டி03 என்று முடிந்தால் கார்டெக்ஸ் ஏ53 என்ற செயலிக் கோர், டி08 என்றால் ஏ72, டி0பி என்றால் ஏ76. விளம்பரத்தில் இருந்தது ஏ76. பெட்டியில் இருந்தது மூன்றிலும் மெதுவான ஏ53. 2016-ல் வந்த கையளவு கணினியான ராஸ்பெரி பை 3-ல் இருந்த அதே வகை. மெனுவின் தகவல் பக்கம் ராம் 4 ஜிபி என்றது. லினக்ஸ் கட்டளை 1 ஜிபிகூட இல்லை என்றது.

மூடியைக் கழற்றினேன். செயலியின் மேல் நாணயமளவு ஹீட் சிங்க், அதாவது சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு. அதன் அடியில் ஒட்டும் பட்டையைப் பாதுகாக்கும் நீல நிற பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே வைத்து அழுத்தியிருந்தார்கள். சூடு வெளியேற வழியே இல்லை. செயலி சூடேறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராஸ்பெரி பை 4-ம் 80 டிகிரியில் அதைத் தொடங்கிவிடும். அரை மணி நேரம் ஆடியதும் நன்றாக ஓடியவையும் ஏன் திணறின என்பது அந்தத் துண்டுத் தாளைப் பார்த்ததும் விளங்கியது.

கார்டைக் கணினியில் செருகி, காலி செய்து, எஃப்3 என்ற இலவச மென்பொருளால் சோதித்தேன். கார்டு முழுக்கச் சோதனைக் கோப்புகளை எழுதி, எழுதியபடியே திரும்ப வருகின்றனவா என்று அது பார்க்கும். 29 ஜிபிக்கு மேல் எழுதியது எதுவும் மீளவில்லை. கறுப்புத் திரைக்கும் இதுதான் காரணமாக இருக்கும்: பிளேஸ்டேஷன் 2-ன் ஒரு டிவிடியே 4 ஜிபியைத் தாண்டலாம். பெயர் பட்டியலில் இருந்தது, கோப்பு காற்றில் போயிருந்தது. அப்படியானால் 30,000 என்ற எண்? பழைய நின்டெண்டோ விளையாட்டு ஒன்றுக்குச் சில நூறு கிலோபைட் போதும். ஒரே விளையாட்டை ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா பதிப்புகளாக எண்ணியிருந்தார்கள். ஐரோப்பியப் பதிப்புகள் 50 ஹெர்ட்ஸ் டிவிக்கானவை. பலவும் மெதுவாக ஓடும். அதில் ஒன்றை ஆடிவிட்டுச் செயலியைத் திட்டினேன், பாவம்.

வாங்குமுன் விற்பவரிடம் செயலிக் கோரின் பெயரையும் கிராபிக்ஸ் சிப்பின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். ‘நான்கு கோர், 64 பிட்’ என்பது பதிலே அல்ல. விளையாட்டு நடுவில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று மூலையில் காட்டும்படி வைத்து எடுத்த வீடியோ கேளுங்கள். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் அது ஒரு சொடுக்கு வேலை. ஸ்னெஸ்9எக்ஸ் போன்ற எமுலேட்டர்களின் உரிமமே வணிக விற்பனையைத் தடுக்கிறது என்பதால், ‘எல்லாம் ஏற்றித் தருகிறோம்’ என்பவர் முதல் அடியிலேயே விதியை மீறியவர்.

என் கணக்கில், முதல் பிளேஸ்டேஷனோடு திருப்திப்படுகிறவருக்கு ராஸ்பெரி பை 4 தாராளம். ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி வேண்டுமென்றால் பை 5. பிளேஸ்டேஷன் 2-தான் ஆசை என்றால் இதுபோன்ற ஏஆர்எம் வகைச் செயலிப் பெட்டிகளை மறந்துவிடுங்கள். அதற்கான எமுலேட்டர் பிசிஎஸ்எக்ஸ்2 எழுதப்பட்டிருப்பது எக்ஸ்86 கணினிக்கு, அதாவது இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகளுக்கு. இன்டெல் என்100 மினி கணினியில் பல விளையாட்டுகள் தேறும், எல்லாமும் அல்ல. அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய சின்னக் கணினிகளையும் பாருங்கள். பழைய கேம்களுக்கென்றே உள்ள இயங்குதளமான பாடோசெராவை ஏற்றிக்கொள்வது இலவசம்.

விற்றவர் விளம்பரத்தில் போட்டிருந்த வீடியோவை நேற்று மறுபடி பார்த்தேன். தலைப்புத் திரை வருகிறது, தொடக்க மெனு வருகிறது, விளையாட்டு தொடங்கும் நொடியில் வெட்டு. வாங்குமுன் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், அந்த வெட்டு கண்ணில் படவில்லை. இப்போது அதே வீடியோவை வேறு நிறப் பெட்டி ஒன்றுக்குப் போட்டு வைத்திருக்கிறார்.